நீதிபதிக்கு யார் என்ன கொடுத்தார்கள்? அமெரிக்க உச்ச நீதிமன்ற அறிக்கைகளை நீங்களே தோண்டிப் பார்ப்பது எப்படி

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள், ஒன்பது பேருக்கும் ஆயுட்காலப் பதவி. இவர்களில் யாருக்கு எந்தப் பணக்காரர் என்ன செய்து கொடுத்தார் என்பதைச் சட்டம் படிக்காத, அமெரிக்காவில் கால் வைக்காத ஒருவர்கூட வீட்டில் இருந்தபடியே பெருமளவு தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பைசா செலவில்லை, கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். செய்தியில் வருவதை அப்படியே நம்பிவிடுவது ஒரு வழி, எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று தள்ளிவிட்டுப் போவது இன்னொரு வழி. இரண்டையும் விட்டுவிட்டு ஆவணத்தைத் திறந்து நாமே வாசிக்கலாம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2023 ஏப்ரல் 6-ஆம் தேதி புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரையை வெளியிட்டது. டல்லஸைச் சேர்ந்த ரியல் எஸ்டேட் கோடீஸ்வரர் ஹார்லன் க்ரோவின் செலவில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி விமானத்திலும் சொகுசுப் படகிலும் பயணம் செய்திருக்கிறார், நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைப்பகுதியில் க்ரோவுக்குச் சொந்தமான டாப்ரிட்ஜ் என்ற இடத்தில் கோடையில் தங்கியிருக்கிறார். 2019 ஜூன் கடைசியில் இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றிய ஒரே ஒரு பயணம், விமானத்தையும் படகையும் அவரே வாடகைக்கு எடுத்திருந்தால் 5 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கலாம் என்று அந்தக் கட்டுரை கணக்குப் போட்டது. தாமஸின் ஆண்டறிக்கையில் அந்தப் பயணம் இல்லவே இல்லை. மறுநாளே அவர் பதில் சொன்னார்: க்ரோ தம்பதியர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் நெருங்கிய நண்பர்கள், நீதிமன்றத்தில் வழக்கு இல்லாத நெருங்கிய நண்பர்களின் விருந்தோம்பலை அறிக்கையில் காட்ட வேண்டியதில்லை என்று பதவிக்கு வந்த புதிதில் சக நீதிபதிகளும் மற்றவர்களும் தனக்குச் சொன்னார்கள் என்றார்.

இந்தப் பதிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவருடைய தரப்பு அதுதான், அதை எடுத்துக்கொண்டுதான் நாம் தேடப் போகிறோம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி

எந்த நீதிபதியின் அறிக்கையைத் திறந்தாலும் ஒரே ஒரு கேள்வியோடு திறவுங்கள்: கொடுத்தவர் நண்பரா, இல்லையா?

ஏன் இந்தக் கேள்வி என்றால், நீதிபதிகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இரண்டு இருக்கின்றன, நட்பு என்பது அவற்றில் ஒன்றில் நீதிபதிக்குச் சாதகம், மற்றொன்றில் பாதகம். முதலாவது, வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1978-இல் வந்த அரசு நெறிமுறைச் சட்டம். நீதிபதிகள் வருடா வருடம் வருமானம், சொத்து, கடன், பரிசு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதில் ஒரு விலக்கு உண்டு. ஒரு தனிநபர் தன் வீட்டிலோ தனக்குச் சொந்தமான இடத்திலோ, தொழில் நோக்கம் இல்லாமல் கொடுக்கும் சாப்பாடு, தங்கும் வசதி, கேளிக்கை ஆகிய மூன்றையும் எழுத வேண்டியதில்லை. நண்பர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டதை எல்லாம் எந்த மனிதரும் அரசாங்கத்துக்குக் கணக்கு எழுத மாட்டார், அது நியாயமான விலக்குதான். ஆனால் விலக்கில் இருப்பது அந்த மூன்று மட்டும். விமானம் அதில் இல்லை.

இரண்டாவது, வழக்கிலிருந்து விலகுவது பற்றிய சட்டம். ஒரு நீதிபதியின் நடுநிலையை நியாயமாகச் சந்தேகிக்க இடமிருந்தால் அவர் அந்த வழக்கைக் கேட்கக் கூடாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகிறது.

இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கொடுத்தவர் உற்ற நண்பர் என்றால் முதல் சட்டத்தில் சலுகை கிடைக்கும், ஆனால் அந்த நண்பரின் காசு சம்பந்தப்பட்ட வழக்கு வரும்போது எழுந்து போக வேண்டும். அவர் அவ்வளவு நெருக்கம் இல்லை என்றால் வழக்கில் உட்காரலாம், ஆனால் அவர் கொடுத்ததைப் பரிசு என்று எழுதியாக வேண்டும். இரண்டில் ஒன்றுதான். அறிக்கை எழுதும்போது நண்பராகவும் வழக்கு வரும்போது அறிமுகம் இல்லாதவராகவும் ஒரே ஆள் இருக்க முடியாது.

நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் விவகாரத்தில் இது பளிச்சென்று தெரியும். 2008 ஜூலையில், பணக்காரர்களின் பணத்தை வாங்கி முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்ட் ஒன்றை நடத்தும் பால் சிங்கரின் தனி விமானத்தில் அலாஸ்காவுக்குச் சால்மன் மீன் பிடிக்கப் போனார். அந்த ஆண்டு அறிக்கையில் அது இல்லை. 2014-இல் அர்ஜென்டினா நாட்டுக்கும் சிங்கரின் ஃபண்டோடு சேர்ந்த என்எம்எல் கேபிடல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நிறுவனத்துக்குச் சாதகமாக 7-1 என்று தீர்ப்பு, அலிட்டோ அந்த ஏழு பேரில் ஒருவர். பின்னால் அந்த ஃபண்டுக்கு அர்ஜென்டினா கொடுத்தது 240 கோடி டாலர். இதெல்லாம் 2023 ஜூனில் வெளிவரும் நேரத்தில், புரோபப்ளிகாவின் கட்டுரை வருவதற்கு முன்பே அலிட்டோ வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் தன் விளக்கத்தை எழுதினார்: சிங்கரோடு ஏதோ சில தடவைதான் பேசியிருப்பேன், அந்த வழக்கில் அவருக்குச் சம்பந்தம் இருப்பது தெரியாது, விமானத்தில் அந்த இருக்கை எப்படியும் காலியாகத்தான் போயிருக்கும், அந்தக் கால விதிப்படி இம்மாதிரிப் பயணத்தை எழுத வேண்டியதும் இல்லை. சரி, சில தடவை பேசியவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அவருடைய விமானத்தில் அலாஸ்கா வரை போனது எந்த நட்பின் பேரில்? என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அறிக்கையை எங்கே எடுப்பது

அமெரிக்க நீதித்துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீதிபதிகளின் நிதி விவர அறிக்கைகளுக்கென்று ஒரு தளம் இருக்கிறது. 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 131 மத்திய நீதிபதிகள் தாங்களோ குடும்பத்தாரோ பங்கு வைத்திருந்த நிறுவனங்களின் வழக்குகளைச் சட்டத்துக்கு விரோதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதியது. அதன் விளைவாக 2022 மே மாதம் ஒரு சட்டம் வந்து, அந்த ஆண்டுக் கடைசியில் இந்தத் தளம் திறந்தது. அதற்கு முன்னால் தனியாக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

தளத்தில் நுழையும்போது நீங்கள் யார், என்ன வேலை, முகவரி என்ன என்று கேட்கும். பயப்பட வேண்டாம், சட்டமே அப்படிக் கேட்கச் சொல்கிறது. அங்கிருந்து எடுப்பதை வியாபாரத்துக்கோ ஒருவரின் கடன் தகுதியைக் கணக்கிடவோ நன்கொடை வசூலிக்கவோ பயன்படுத்தக் கூடாது, செய்தி எழுதலாம். உண்மையான விவரத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

ஒரு சிக்கல். அரசாங்கம் இந்த அறிக்கைகளை ஆறு ஆண்டுகள்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். பழைய அறிக்கை வேண்டுமென்றால் ஃப்ரீ லா புராஜெக்ட் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் கோர்ட்லிஸனர் தளத்துக்குப் போங்கள், நீதிபதி பெயரைப் போட்டால் பல ஆண்டு அறிக்கைகள் கிடைக்கும். ஃபிக்ஸ் தி கோர்ட் என்ற அமைப்பும் உச்ச நீதிமன்ற அறிக்கைகளைச் சேர்த்து வைக்கிறது. தாமஸ் இருபது ஆண்டுகளில் வாங்கியவற்றின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல் என்று 2024-இல் கூட்டிச் சொன்னது அவர்கள்தான். ஒரே ஓர் ஆண்டை மட்டும் இறக்கினால் பிரயோஜனம் இல்லை, ஒரு நீதிபதிக்குக் கிடைக்கிற எல்லா ஆண்டையும் இறக்கி வரிசையாக வையுங்கள்.

படிவத்தை வாசிக்கும் முறை

படிவத்தின் பெயர் ஏஓ-10. ரோமன் எண் போட்ட ஒன்பது பகுதிகள். முதலிலிருந்து கடைசி வரை வாசிக்காதீர்கள், நம் வேலைக்கு நான்கைந்து போதும்.

ஐந்தாம் பகுதி பரிசுகள். கொடுத்தவர், பொருள், மதிப்பு என்று மூன்று கட்டம். 2023 முதல் 2025 வரையிலான ஆண்டுகளுக்கு 480 டாலருக்கு மேல் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் எழுத வேண்டும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் வரம்பு 415 டாலர். உறவினர் கொடுத்தது கணக்கில் வராது. ஒழுங்காக நிரப்பினால் எப்படி இருக்கும் என்று தெரிய, நீதிபதி கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சனின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். பாடகி பியான்சே கொடுத்த நான்கு கச்சேரி டிக்கெட்டுகள், மதிப்பு 3,711 டாலர் 84 சென்ட் என்று சென்ட் வரைக்கும் எழுதியிருக்கும். ஒரு நீதிபதி இதை ஏன் வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்கிறேன், வாங்காமல் இருந்திருந்தால்தான் நல்லது. ஆனால் அவர் எழுதி வைத்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்கு வழி கிடைத்தது.

நான்காம் பகுதி பயணச் செலவு ஈடு. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பாடம் எடுக்கப் போனார், டிக்கெட்டும் அறையும் அவர்கள் கொடுத்தார்கள் என்கிற மாதிரி வரவுகளுக்கான இடம் இது. இங்கே யார், எந்தத் தேதி, எந்த ஊர், எதற்காக, என்னென்ன என்று எழுத வேண்டும், ஆனால் எவ்வளவு என்று எழுதத் தேவையில்லை. தொகைக்குக் கட்டமே கிடையாது! பேருந்து டிக்கெட்டும் தனி விமானமும் இங்கே ஒரே மாதிரி, 'போக்குவரத்து' என்ற ஒரு சொல்லாகத்தான் தெரியும். தாமஸ் தன் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் க்ரோ ஏற்பாடு செய்த பயணங்களைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு காட்டியபோது இந்தப் பகுதியில்தான் காட்டினார். டல்லஸில் நடந்த மாநாட்டுக்காகப் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் போனது, ஜூலையில் அடிரான்டாக் போனது என்று மூன்று. எனவே நான்காம் பகுதியில் தனிநபர் பெயர் தெரிந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம், வழக்கறிஞர் சங்கம் என்று வருவது சாதாரணம், ஒரு மனிதர் பெயர் வருவது அப்படியல்ல.

மூன்றாம் பகுதியின் இரண்டாவது பாதியில் கணவன் அல்லது மனைவியின் வருமானம். எங்கிருந்து என்று மட்டும்தான், எவ்வளவு என்று இருக்காது. நீதிபதிக்கு நேராகக் கொடுக்க முடியாததை வாழ்க்கைத் துணைக்குச் சம்பளமாகக் கொடுப்பதில் யாருக்கும் தடையில்லை என்பதால் இந்தப் பாதியை விட்டுவிடாதீர்கள். தாமஸின் மனைவி ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத ஆய்வு அமைப்பில் வாங்கிய சம்பளம் பல ஆண்டு அறிக்கைகளில் விடுபட்டிருந்ததைக் காமன் காஸ் என்ற அமைப்பு 2011-இல் வெளிக்கொண்டுவந்த பிறகுதான் அவர் அந்த அறிக்கைகளைத் திருத்தினார்.

ஏழாம் பகுதி முதலீடுகள். இங்கே தொகைக்குப் பதில் எழுத்துகள் வரும். ஜே என்றால் 15,000 டாலர் வரை, கே என்றால் 50,000 வரை, எல் என்றால் ஒரு லட்சம் வரை, எம் என்றால் இரண்டரை லட்சம் வரை, இப்படி ஏறும். படிவத்தின் அடியிலேயே பட்டியல் இருக்கும், மனப்பாடம் செய்ய வேண்டாம். நிறுவனப் பெயர் வந்தால் அது இப்போது இயங்குகிறதா என்று அந்த மாநிலத்தின் நிறுவனப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். 2006-இலேயே மூடப்பட்டுவிட்ட ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் பெயரில் தாமஸ் தொடர்ந்து வாடகை வருமானம் காட்டி வந்ததை வாஷிங்டன் போஸ்ட் இப்படித்தான் கண்டுபிடித்தது.

எட்டாம் பகுதி விளக்கக் குறிப்புகள். பலரும் இதைத் திறப்பதே இல்லை, எனக்கோ முதலில் படிக்க வேண்டியது இதுதான் என்று தோன்றும், ஏனென்றால் இங்கேதான் நீதிபதி சொந்த வாக்கியத்தில் பேசுகிறார். கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்பின் வரைவு கசிந்த பிறகு பாதுகாப்பு அபாயம் கூடியதால் மே மாதத்தில் தனி விமானத்தில் போனேன் என்று தாமஸ் சொன்னது இந்தப் பகுதியில்தான். 2014-இல் நடந்த ஒரு வீட்டு விற்பனையை ஒன்பது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டதும் இங்கேதான், அதை அடுத்துப் பார்ப்போம்.

காலியாக இருக்கும் இடம்

ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், காட்டுவதற்கு எதுவும் இல்லை என்று. அந்தப் பெட்டியில் ஒரு குறுக்குக் கோடு போட்டால் வேலை முடிந்தது. எல்லா ஆண்டு அறிக்கையையும் வரிசையாக வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். எந்த ஆண்டு வரை பரிசுப் பகுதியில் எழுத்து இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து பெட்டியில் கோடு மட்டும் இருக்கிறது என்று பாருங்கள்.

தாமஸ் ஆரம்பத்தில் எழுதியிருக்கிறார். அடிமை முறைக்கு எதிராகப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸ் வைத்திருந்த பைபிள், மதிப்பு 19,000 டாலர், கொடுத்தவர் க்ரோ. 1997-இல் க்ரோவின் விமானத்தில் கலிஃபோர்னியா போனதையும் எழுதியிருக்கிறார். 2004 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இந்த அறிக்கைகளை எல்லாம் தோண்டி எடுத்து, நீதிபதிகளிலேயே அதிகப் பரிசு வாங்கியவர் இவர்தான் என்று எழுதியது. அதன் பிறகு க்ரோவின் விமானப் பயணங்கள் அறிக்கையில் வருவது நின்றுபோனது. பயணங்கள் நிற்கவில்லை என்று 2023-இல் தெரிந்தது.

1997-இல் எழுதத் தெரிந்தவருக்கு, எழுத வேண்டியதில்லை என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்கள் என்ற விளக்கம் எப்படிப் பொருந்தும்? இதை ஓர் அறிக்கையை மட்டும் படித்தால் கேட்கவே தோன்றாது.

நண்பர் பக்கத்திலிருந்து தேடுவது

நீதிபதியின் அறிக்கை காலியாக இருந்தால் கொடுத்தவரிடமிருந்து தொடங்குங்கள். பணக்காரர்கள் நிறைய ஆவணங்களை விட்டுச் செல்வார்கள்.

முதலில் நிலம். அமெரிக்காவில் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) பத்திரப் பதிவுகள் பொது ஆவணம், பல இடங்களில் இணையத்திலேயே பார்க்கலாம், நம் ஊரில் வில்லங்கச் சான்று போடுகிற மாதிரியான வேலைதான். ஜார்ஜியா மாநிலம் சவானாவில் தாமஸுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சேர்ந்து இருந்த ஒரு வீட்டையும் பக்கத்தில் இரண்டு காலி மனைகளையும் 2014-இல் க்ரோவின் நிறுவனம் ஒன்று 1,33,363 டாலருக்கு வாங்கியது பத்திரத்தில் இருந்தது. அந்த வீட்டில் குடியிருந்தது தாமஸின் தாயார், விற்ற பிறகும் அவர் அங்கேயேதான் இருந்தார். ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட நில விற்பனையை அறிக்கையில் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமஸ் காட்டவில்லை. பழுது பார்க்கச் செலவழித்ததைக் கணக்கிட்டால் தங்களுக்கு நஷ்டம்தான், அதனால் காட்ட வேண்டாம் என்று நினைத்துவிட்டேன் என்பது எட்டாம் பகுதியில் அவர் தந்த விளக்கம். நஷ்டமா லாபமா என்று சட்டம் கேட்கவில்லை.

அடுத்து விமானம். ஒவ்வொரு அமெரிக்க விமானத்துக்கும் வால்பகுதியில் ஒரு பதிவு எண் உண்டு, மத்திய விமானத் துறையின் பதிவேட்டில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று பல நேரம் வரும், பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயராக இருக்கும், அந்த நிறுவனம் யாருடையது என்று மாநிலப் பதிவேட்டில் அடுத்த சுற்று தேட வேண்டும். பறந்த பாதைகளுக்கு ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் மாதிரி தளங்கள் இருக்கின்றன. நீதிபதி ஓர் ஊரில் மேடையில் பேசிய தேதியும் அந்த விமானம் அதே ஊரில் இறங்கிய தேதியும் ஒத்துப்போனால் அது ஒரு தடயம். தடயம் மட்டும்தான், உள்ளே யார் இருந்தார் என்று விமானப் பாதை சொல்லாது.

அப்புறம் படங்கள். இது விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம், ஆனால் புரோபப்ளிகா நிருபர்களுக்குப் பெரிய உதவியே இதுதான். க்ரோவின் படகுக்கு மிக்கேலா ரோஸ் என்று பெயர். விருந்தாளிகளுக்கு அந்தப் பெயர் தைத்த சட்டைகள் கொடுப்பது வழக்கம், தாமஸ் அப்படிப்பட்ட சட்டை போட்டிருக்கும் படங்கள் கிடைத்தன. டாப்ரிட்ஜில் ஓர் ஓவியம் வேறு இருந்தது. பழங்குடி மனிதர் ஒருவரின் சிலைக்குக் கீழே வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள், தாமஸ், க்ரோ, பழமைவாத நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும் பங்கு வகிக்கும் லெனார்ட் லியோ, இன்னும் இருவர். படகு ஊழியர், விடுதிப் பணியாளர், வழிகாட்டி ஆகியோர் சமூக வலைத்தளத்தில் போட்ட படங்களையும் தேடலாம்.

கடைசியாகத் தேதி. நட்பு எப்போது தொடங்கியது என்று கணக்கிடுங்கள். பள்ளித் தோழரா, கல்லூரித் தோழரா, பதவிக்கு வருவதற்கு முன்பு பழகியவரா? தாமஸ் 1991-இல் நீதிபதியானார். 2023-இல் அவரே சொன்ன கணக்குப்படி க்ரோவோடு இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட நட்பு, அதாவது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தொடங்கியிருக்கிறது. அங்கி போட்ட பிறகு வந்த நட்பு. அப்படி வந்ததெல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை, ஐம்பது வயதில் கிடைக்கிற நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பதவியில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கோடீஸ்வரரின் படகில் இவருக்கு இடம் இருந்திருக்குமா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சாப்பாடு போட்டாலும் அது மனதில் என்ன செய்யும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

வழக்கோடு பொருத்துவது

இது இல்லாமல் தேடல் பாதியில் நிற்கும். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வழக்குகளைத் தேடும் வசதி இருக்கிறது. நண்பரின் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது, அவருடைய நிறுவனங்களின் பெயர்களைப் போட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் மனு போடும்போது தன் தாய் நிறுவனம் எது, பத்து சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் பொது நிறுவனம் எது என்று எழுத வேண்டும் என்பது நீதிமன்ற விதி, அந்தப் பக்கத்தை மனுவின் முதல் சில பக்கங்களிலேயே பார்க்கலாம்.

விசாரணைக்கு எடுத்த வழக்குகளை மட்டும் பார்த்தால் போதாது. இந்த நீதிமன்றம் தனக்கு வரும் மனுக்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஒற்றை வரியில் தள்ளுபடி செய்கிறது, தள்ளுபடியால் ஜெயிப்பவரும் உண்டு. க்ரோவுக்கு நீதிமன்றத்தில் வேலை இருந்ததே இல்லை என்று சொல்லப்பட்டது. க்ரோ குடும்பத்துக்குப் பங்கு இருந்த ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு எதிரான மனு 2005-இல் தள்ளுபடியானதை ப்ளூம்பெர்க் கண்டுபிடித்தது, தாமஸ் அதிலிருந்து விலகவில்லை.

இப்படித் தேடும்போது உங்களுக்குப் பிடித்த பக்கத்து நீதிபதிகளையும் சேர்த்தே தேடுங்கள். தாராளவாதத் தரப்பு நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2018-இல் இஸ்ரேல் போனபோது மோரிஸ் கான் என்ற பெரும் பணக்காரரின் விருந்தாளியாக ஜோர்டான் வரை சுற்றிப் பார்த்தார். அவர் நிறுவிய ஆம்டாக்ஸ் நிறுவனத்துக்கு எதிரான ஒரு மனுவை அதற்கு முந்தைய ஆண்டுதான் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. கின்ஸ்பர்க் அதை அறிக்கையில் எழுதினார் என்பது அவர் பக்க நியாயம். எழுதியதால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், என்னைப் பொறுத்தவரை இல்லை.

விலகினாரா என்பதைப் பார்க்க, நீதிமன்றம் வெளியிடும் உத்தரவுப் பட்டியலில் அந்த வழக்கு எண்ணுக்குக் கீழே, இன்ன நீதிபதி இதைப் பரிசீலிப்பதில் பங்கேற்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் இருக்காது. 2023 முதல் எலினா கேகன், ஜாக்சன் போன்றவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

எழுதும்போது

லஞ்சம் என்று எழுதாதீர்கள். லஞ்சம் என்றால் இன்னதற்காக இன்னது என்ற பேரம் நிரூபணமாக வேண்டும், மேலே சொன்ன எதிலும் அப்படி நிரூபணம் ஆகவில்லை. கொடுத்தார், வாங்கினார், காட்டவில்லை, விலகவில்லை, இந்த நான்கில் எதற்கு உங்களிடம் ஆவணம் இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள், நீதிபதி தரப்பு விளக்கத்தை முழுதாகச் சேருங்கள். நீதிபதிகளின் வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் இடம் எதையும் போடாதீர்கள், 2020-இல் நியூ ஜெர்சியில் ஒரு மத்திய நீதிபதியின் வீடு தேடிப் போய் அவர் மகனைச் சுட்டுக் கொன்றான் ஒருவன்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று ஒரு பதில் வரும், தயாராக இருங்கள். 2004-இல் துணை அதிபர் டிக் செனி சம்பந்தப்பட்ட வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அவரோடு சேர்ந்து வாத்து வேட்டைக்குப் போன நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா, விலக மறுத்து 21 பக்கம் எழுதினார், ஒரு நீதிபதியை இவ்வளவு மலிவாக வாங்கிவிட முடியும் என்று நினைப்பது நியாயமென்றால் நாடு தான் நினைத்ததைவிட மோசமான நிலையில் இருக்கிறது என்று அதில் சொன்னார். அதற்குப் பதிலாக 1969-ஐக் காட்டுங்கள். நீதிபதி ஏப் ஃபோர்டஸ், தன் பழைய நண்பரும் வக்கீலாக இருந்த காலத்துக் கட்சிக்காரருமான லூயிஸ் வுல்ஃப்சனின் அறக்கட்டளையிலிருந்து 20,000 டாலர் வாங்கி, அந்த மனிதர் மேல் வழக்கு வந்ததும் திருப்பியும் கொடுத்துவிட்டார். இருந்தும் லைஃப் இதழில் செய்தி வந்த பத்தே நாளில் பதவி விலகினார்.

யாரிடம் சொல்வது

கீழ் மத்திய நீதிமன்ற நீதிபதி என்றால் வழி இருக்கிறது. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்ற அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 2023 நவம்பர் 13-ஆம் தேதி அவர்களே தங்களுக்கு ஒரு நடத்தை நெறித் தொகுப்பை வெளியிட்டார்கள், ஒன்பது பேரும் கையெழுத்திட்டது, மீறினால் யார் விசாரிப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தாமஸின் அறிக்கைகள் தொடர்பாக மத்திய நீதிமன்றங்களின் நிர்வாகக் கொள்கையை வகுக்கும் நீதிபதிகள் குழுவான நீதித்துறை மாநாடு, அவருடைய விவகாரத்தை அட்டர்னி ஜெனரலின் விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்று செனட்டர் ஷெல்டன் வைட்ஹவுஸும் சகாக்களும் 2023 ஏப்ரலில் கேட்டார்கள், 2025 ஜனவரியில் முடியாது என்று பதில் வந்தது. இன்றைக்கு ஒரு வாக்காளரால் முடிந்தது, அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தன் மாநிலச் செனட்டர் இருவருக்கும் ஆவணத்தின் பக்க எண்ணோடு எழுதுவது. பக்க எண் இல்லாத கடிதத்தை அங்கே யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை.

நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை கொடுக்கக் கடைசி நாள் ஒவ்வோர் ஆண்டும் மே 15, பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில் வெளியே வரும். தொண்ணூறு நாள் அவகாசம் கேட்பவர்களுடையது ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போகும், 2023-இல் தாமஸும் அலிட்டோவும் அப்படித்தான் கேட்டார்கள். வந்த அன்றே பிடிஎஃப்-ஐ இறக்கி, நீதிபதி பெயரும் ஆண்டும் போட்டு உங்கள் கணினியில் வையுங்கள், பின்னால் திருத்த அறிக்கை வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே சேர்த்து வையுங்கள். 2019 இந்தோனேசியப் பயணத்தின்போது பாலியில் ஒரு ஹோட்டலில் தங்கியதற்கு க்ரோ பணம் கட்டியதைத் தாமஸ் 2024 ஜூனில்தான் ஒப்புக்கொண்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க, பழைய அறிக்கை யாரிடமாவது இருக்க வேண்டும்.